ஆமையோட்டு அறை

கடல் தாண்டி, பெயர் சொன்னால் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு கம்பெனிக்காரன் புதன்கிழமை மதியம் ஒரு பொத்தானை அமுக்குவான்; இங்கே தேரிச்செவலில் பேராச்சிக்கு வயிறு எரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன சம்பந்தம் என்று அவளுக்கும் தெரியாது, அவள் புருஷன் வைகுண்டத்துக்கும் தெரியாது, அந்த ஊரில் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் இருந்த துடிப்பும் போகப்போகத் தேய்ந்து, மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் காயப்போட்ட வற்றலை எடுத்து வைக்கிற மாதிரி, புதன்கிழமை வந்தால் கட்டில் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க ஊர் பழகிப்போனது.

நடந்தது இதுதான். 'ஏழு கோட்டை' என்று ஓர் ஆன்லைன் கேம், போனில் ஆடுவது. அதற்குள்ளே காடு உண்டு, மலை உண்டு, ஓநாயும் கரடியும் ஆமையும் உண்டு. அடித்தால் தோலோ நகமோ ஓடோ கிடைக்கும். கிடைத்ததைச் சேர்த்துக் கேடயமும் கத்தியும் கவசமும் செய்யலாம். செய்யப் பொறுமை இல்லாதவன் அந்த கேமுக்குள்ளேயே இருக்கும் சந்தையில் சரக்கை அப்படியே நிஜக் காசுக்கு விற்கலாம். வாங்குகிறவன் எந்த நாட்டில் இருக்கிறானோ, அடுத்த தெருவில்தான் இருக்கிறானோ, முகம் தெரியாது, அவன் வைத்துக்கொண்ட பட்டப்பெயர் மட்டும் தெரியும். இதுவரைக்கும் உலகம் முழுக்க நடக்கிற கதைதான். ஆனால் சில வருஷம் முந்தி, ஓர் ஆவணி மாதத்து அப்டேட்டுக்கு மறுநாள் பொழுது விடிந்தபோது, தேரிச்செவலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், போனுக்குள் சேர்த்து வைத்திருந்த சரக்கெல்லாம் சேர்த்தவன் வீட்டுக்குள்ளே வந்து கிடந்தது.

டீக்கடை சங்கரபாண்டி வீட்டில் ஓநாய்த்தோல் பரண்வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. பேராச்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ரோஸ்மேரி டீச்சர் வீட்டில் நிலாப்பூ என்கிற மூலிகை கட்டுக்கட்டாக வந்து இறங்கி, தெருமுனைவரைக்கும் கற்பூரமும் மிளகு ரசமும் கலந்த ஒரு வாடை அடித்தது. பேராச்சியின் வீட்டில் வந்து இறங்கியது ஆமையோடு. பச்சையும் கருப்புமாக, சோற்றுத் தட்டு அளவில், உள்ளே ஆமை இல்லாத வெறும் ஓடு. ஆமை வாசலை மிதித்தாலே குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிற ஊரில், போகப்போக ஒரு அறை நிறைய ஆமையோட்டை வைத்துக்கொண்டு பொங்கிச் சாப்பிட்டுப் படுத்து எழ வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது.

முதலில் ஊர் கொஞ்சம் ஆடித்தான் போனது. போலீஸ் வந்து பார்த்தது. இன்ஸ்பெக்டர், தன் வீட்டிலும் கொஞ்சம் கரடிநகம் கிடக்கிறது என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். வனத்துறைக்காரர் ஒருவர் வந்து ஆமையோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இப்படி ஒரு ஆமை இந்தியாவிலேயே கிடையாது, அதனால் இது என் வேலையும் கிடையாது என்று சொல்லி டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார்கள். குப்பையில் கொண்டுபோய்க் கொட்டினால் மறுநாள் விடியும்போது சரக்கு பழைய இடத்தில் வந்து கிடக்கும் என்று கண்டுபிடித்தார்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்க ஒரு ஓட்டை இரவல் கொடுத்தாலும் அது விடிவதற்குள் திரும்பிவிடும், அதுவும் கழுவாமலே திரும்பும். கேமுக்குள் விற்றால்தான், அல்லது எதையாவது செய்து செலவழித்தால்தான் போகும். போகும்போது யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும் முன்னால் கேம் ஆடுகிற ஆள் உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்பதோடு என்ன சரக்கு வைத்திருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். இரும்புக்கட்டி என்றால் தரை வெடித்துவிடும் என்று பெண் வீட்டார் பின்வாங்கினார்கள், பறவை இறகு என்றால் முகம் மலர்ந்தார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறிப்பவர்கள் புதன்கிழமையைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள்.

ஏனென்றால் புதன்கிழமை மதியம் அப்டேட் வரும். ஊர் ஆண்களும் பெண்களில் பாதியும் சங்கரபாண்டி கடை முன்னால் கூடுவார்கள். இங்கிலீஷ் டீச்சரான ரோஸ்மேரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பெஞ்சில் ஏறி நின்று, கம்பெனிக்காரன் வெளியிட்ட அறிவிப்பை வரிவரியாகத் தமிழில் சொல்வாள். ஒவ்வொரு அறிவிப்பும் "விளையாட்டின் சமநிலையைக் கருதி" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வார்த்தையைக் கேட்டாலே கூட்டத்தில் பாதிப் பேருக்கு நெஞ்சு படபடக்கும். சமநிலையாம் சமநிலை. ஓநாய்த்தோல் கவசத்துக்குப் பலத்தைக் கூட்டியிருக்கிறோம் என்பான். அன்று சாயங்காலமே தோல் விலை எகிறும், சங்கரபாண்டி எல்லாருக்கும் இலவசமாக வடை கொடுப்பான். அடுத்த வாரமே, எல்லா ஓநாயிடமும் இனி இரட்டைத் தோல் கிடைக்கும் என்பான். விலை தரையில் விழும், போன வாரம் வடை தின்றவர்களிடம் சங்கரபாண்டி முகம் கொடுத்துப் பேசமாட்டான். இதுவரை யாரும் சீண்டாமல் கிடந்த ஏதோ ஒரு புல்லை வைத்துப் புதிதாக ஒரு மருந்து செய்யலாம் என்று ஒரு வரி எழுதுவான்; அந்தப் புல்லைப் போன மாதம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவன் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பான். யாருக்கும் ஒரு சொல் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தன் வந்து வீட்டுச் சுவரை இடித்துக் கட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது பேராச்சிக்கு.

வைகுண்டம் செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. செம்புக் கம்பி விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பல வருஷமாகப் பார்த்துப் பழகியதில், விலை என்றால் தன் சுண்டுவிரலில் நிற்கும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். போதாக்குறைக்கு முதல் தடவை அது பலித்தும் தொலைத்தது. ஆமையோடு சீந்துவாரில்லாமல் கிடந்தபோது வாங்கிப் போட்டான், கேடயத்துக்கு ஓடு கூடுதலாக வேண்டும் என்று ஒரு புதன்கிழமை அப்டேட் வந்தது, விற்ற காசில் மகள் சுபாவின் கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் எடுத்தான். அன்றிலிருந்து மனுஷன் பூமியில் நடக்கவில்லை. மறுபடி வாங்கினான், மறுபடி வாங்கினான், மகள் புருஷன் வீட்டுக்குப் போய்க் காலியான அறையில் ஓடு தரையிலிருந்து ஜன்னலுக்கு ஏறி, ஜன்னலிலிருந்து மின்விசிறிக்கு ஏறி, கதவைத் திறந்தால் கலகலவென்று கூடத்துக்குள் சரிந்து விழுகிற அளவுக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு கம்பெனிக்காரனுக்கு ஆமையின் ஞாபகமே வரவில்லை. ஒரு புதன் மூலிகை என்பான், ஒரு புதன் நூல் என்பான். ஆமை பக்கம் திரும்பவே மாட்டான்.

கேமுக்குள் வைகுண்டத்துக்கு 'இரும்புத்தலை' என்று பெயர். அதில் அவனுக்கு ஒரு ஜென்ம விரோதியும் உண்டு, 'ஓநாய்க்குட்டி' என்று ஒருத்தன். இவன் ஓட்டுக்கு ஒரு விலை போட்டால் அவன் ஒரு காசு குறைத்துப் போடுவான். விலை விழுந்தால் வாரி வாரி எடுப்பான். காலையில் பல் விளக்கும்போதே வைகுண்டம் ஓநாய்க்குட்டியை ஏச ஆரம்பித்துவிடுவான். அவன் அப்பனை, ஆத்தாளை, அவனுக்குப் பெண் கொடுத்தவனை எல்லாம் இழுத்து ஏசுவான், அதையே கேமுக்குள் அவனுக்கு எழுதியும் அனுப்புவான்.

இந்த நேரத்தில்தான் கோவில்பட்டியிலிருந்து சுபா போன் பண்ணி, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாள். பேராச்சி அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அடுத்த நொடியே அந்த அறையின் கதவு கண்ணில் பட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், வந்தவள் பிள்ளையோடுதான் திரும்பிப் போவாள். வருகிறவளை எங்கே படுக்கவைப்பது? கூடத்திலா, போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் படும்படியா? பச்சை உடம்புக்காரியை ஆமையோட்டுக்குப் பக்கத்திலா?

"ஏங்க, வளைகாப்புக்குள்ள அறைய ஒழிச்சிக் குடுத்துருங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

"ஒழிச்சிரலாம்ளா. வர்ற புதன் ஆமைக்கு ஏதோ வருதாம். கேம்ல ஒருத்தன் எழுதியிருக்கான். தலைக்கவசம் செய்ய ஓடு வேணுமாம்."

"போன புதனும் இதத்தான் சொன்னீய."

"போன புதன் சொன்னவன் வேற ஆளு. இவன் உள்விவரம் தெரிஞ்சவன்."

"வயித்துப்புள்ளக்காரிக்கு ஒரு கட்டில் போட எடமில்ல, ஒங்களுக்கு உள்விவரம் கேக்குதோ?"

அந்தப் புதன் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. சுபாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது, வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள், ஆமைக்கு ஒன்றும் வரவில்லை. கேட்டால் இவ்வளவு நாள் பொறுத்துவிட்டு இப்போது விற்றால் பைத்தியக்காரன் என்று சிரிப்பார்கள் என்றான். அடக்கடவுளே, ஊர் சிரிக்காமலா இருக்கிறது என்று பேராச்சி சுவரைப் பார்த்துச் சொன்னாள். வைகுண்டத்திடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் அவளுக்கு அந்த நாட்களில் ஒன்றாகிப்போனது.

வைகுண்டம் போனைக் கையை விட்டு இறக்காதவன். கிணற்றுக்குள் மோட்டார் இறக்கப் போகிற நாளில் மட்டும், முன்னொரு தடவை தண்ணீருக்குள் தவறவிட்ட பயத்தில், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். அப்படி ஒரு நாள் காலையில் அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும், பேராச்சி போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரோஸ்மேரி டீச்சர் வீட்டுக்குப் போனாள். பூட்டைத் திறக்க அவன் திரையில் போடுகிற கோலம் அவளுக்கு மனப்பாடம்.

"அக்கா, அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள் டீச்சர்.

"தெரிஞ்சா நான் எதுக்கு டீச்சர் ஒன் வாசல்ல வந்து நிக்கேன்?"

டீச்சர் நிலாப்பூக் கட்டுகளைத் தள்ளிவிட்டு அவளுக்கு உட்கார இடம் பண்ணினாள். சந்தையைத் திறந்து பார்த்தாள். "இவ்வளவு ஓட்டையும் மொத்தமா எடுக்கதுக்கு ஒரே ஒருத்தன்தான் நிக்கான். ஓநாய்க்குட்டி. எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கிடுதேன்னு போட்டுருக்கான். ஆனா அடிமாட்டு விலைதான் அக்கா."

"அடிமாடோ கன்னுக்குட்டியோ, எனக்கு அறை ஒழியணும்."

"நீங்களே அமுக்குங்க. நாளைக்கு அண்ணன் கேட்டா நான் அமுக்கலன்னு நான் சாமி மேல சத்தியம் பண்ணணும்."

பேராச்சி மாவு அரைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, டீச்சர் காட்டிய இடத்தில் விரலை வைத்து அமுக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டுக்குள்ளிருந்து, அவ்வளவு பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெறும் அறை. ஜன்னல் தெரிந்தது, ஜன்னல் வழியாக முருங்கைமரம் தெரிந்தது, சுபா சின்ன வயதில் சுவரில் ஒட்டிய மயில் படம் தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தத் தரையில் உட்கார்ந்து அவள் நன்றாக அழுதாள். பிறகு எழுந்து ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, கட்டிலைப் போட்டாள்.

வைகுண்டம் சாயங்காலம் வந்து பார்த்தான்.

"ஏளா... எங்க?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"யாரோ ஓநாய்க்குட்டியாம்."

அதைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடவில்லை. கடைத்தெருவில் பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்து வாசலில் படுத்துக்கொண்டான்.

வந்த புதன்கிழமை ரோஸ்மேரி டீச்சர் பெஞ்சில் ஏறி அறிவிப்பை வாசித்தாள். "விளையாட்டின் சமநிலையைக் கருதி" என்று ஆரம்பித்தவள் அடுத்த வரியைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். ஆமைக்குத்தான் வந்திருந்தது. சிலர் ஆமையோட்டைப் பதுக்கி விலையைக் கெடுப்பதால், இனி ஆமையோடு அதை வைத்திருப்பவரோடு ஒட்டியே இருக்கும். விற்க முடியாது, கொடுக்க முடியாது, எதையும் செய்து செலவழிக்க முடியாது, அவர் கணக்கை அடியோடு அழித்தால் ஒழிய அது அவரை விட்டுப் போகாது.

ஒட்டியது என்றால் சும்மா ஒட்டவில்லை. மறுநாளிலிருந்து ஓடு வைத்திருப்பவன் எங்கே கண்ணயர்ந்தாலும் அங்கே வந்து நிறைந்தது. மேலத்தெரு பால்பண்ணைக்காரர் தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போய் மதியம் சற்றுச் சாய்ந்தார், தங்கை வீட்டார் ஜன்னல் வழியாக வெளியே ஏறிக் குதித்தார்கள். இன்னொருவர் திருநெல்வேலி பஸ்ஸில் தூங்கிவிட்டார்; கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இவ்வளவுக்கும் லக்கேஜ் டிக்கெட் எடு என்று சண்டைக்கு நின்றார். பதுக்கியவர்கள் பெண்டாட்டிமார் தெருவில் நின்று கம்பெனிக்காரனுக்கு மண்ணை வாரித் தூற்றினார்கள்.

எல்லாரும் பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பித்தவள் நீ ஒருத்திதான், உன் புத்தி யாருக்கு வரும் என்றார்கள். வைகுண்டம் அன்று மதியம் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி இலையைப் போடச் சொல்லிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு சங்கரபாண்டி கடைக்குப் போய், "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுதான் வித்தேன். இவ விரல வச்சா, யோசனை நம்மளுது" என்று சொன்னான். பேராச்சிக்கு அது காதுக்கு வந்தது. இந்த மனுஷனை என்னதான் செய்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அறை ஒழிந்ததே, அது போதும்.

வளைகாப்புக்குக் கோவில்பட்டி போய் இறங்கினார்கள். மாப்பிள்ளை கதிரேசன் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றான், கண் மட்டும் உள்வாங்கிக் கிடந்தது. கல்யாணம் பேசும்போது, பையன் குடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, அந்தக் கேம் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான் என்று சொல்லித்தான் பெண் எடுத்தார்கள். சுபாவுக்கு நலுங்கு வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டார்கள். பாட்டு முடிந்து பந்தி போட்டபோது, மகளுடைய மாற்றுச் சேலையை எடுக்க அவள் அறைக்குப் போன பேராச்சி கதவைத் திறந்தாள். கலகலவென்று காலடியில் சரிந்தது. பச்சையும் கருப்புமாக, தரையிலிருந்து மின்விசிறிவரைக்கும்.

அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். உள்பக்கம் தோசை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் வீட்டு மாவுச் சட்டியை மூடுவதற்கு அவளே எடுத்து வைத்திருந்த ஓடு, வழக்கம்போலக் கழுவாமல் வந்திருந்தது.

பின்னாலேயே வந்த சம்பந்தியம்மா, "பாத்தியளா மதினி" என்று மூக்கைச் சிந்தினாள். "எவனோ ஒரு கூறுகெட்டவன் அடிமாட்டு விலைக்கு வித்தானாம். இவன் ஒரு அறைய ரொப்பிட்டான். மறு வாரமே கம்பெனிக்காரன் ஒட்ட வச்சிட்டான். புள்ள ரெண்டு வாரமா கூடத்துலதான் படுக்கா, எழுந்திரிக்க முடியாம சுவரப் பிடிச்சிக்கிட்டு எழுந்திரிக்கா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

பேராச்சி அந்த மாவை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டை மற்ற ஓடுகளோடு வைத்தாள். பந்தியில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு வைகுண்டம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "அவசரப்பட்டுட்டீயளே மாப்ளே. நானும்தான் வச்சிருந்தேன். நேரம் பாத்து வித்துட்டேன்லா." சாம்பார் வாளியை அப்படியே அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

சுபாவை அழைத்து வந்தார்கள். வெள்ளையடித்த அறையில், மயில் படத்துக்குக் கீழே கட்டிலில் அவள் படுத்துத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் பேராச்சிக்கு அந்தக் கோவில்பட்டி அறை ஞாபகம் வந்தது. மகளுக்கு இங்கே அறை ஒழித்தவள், மகளுக்கு அங்கே அறையை அடைத்தவள், இரண்டும் தானேதான். யாரிடம் சொல்வது? சொன்னால் சம்பந்தி வீட்டில் தலைமுறைக்கும் பேச்சாகும். சொல்லாவிட்டால் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. கதிரேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பஸ்ஸில் வருவான்; உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்துவிடக் கூடாது என்று கட்டங்காப்பியாகக் குடித்துக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்திருப்பான்; பொழுது சாயும் முன்னால் பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடுவான். பிள்ளையைத் தாய் வீட்டிலிருந்து அனுப்பி வைக்கும் மாதம் வந்தது. தொட்டில் கட்ட ஒரு சாண் இடம் இல்லை, இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று சம்பந்தியம்மா போன் பண்ணினாள். கொஞ்ச நாள் போய் இன்னும் கொஞ்ச நாள் வந்தது. கணக்கை அழித்துவிடுங்கள் என்று சுபா கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்தது, அதில் ஓடு மட்டுமா இருக்கிறது, எத்தனை கோட்டை பிடித்திருக்கிறேன், எல்லாமும் போய்விடுமே என்று அவன் தரையைப் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள், புருஷன் வீட்டில் ஏதும் பிணக்கா என்று நைசாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. பொழுது சாய்கிற நேரம், கதிரேசன் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுச் செருப்பைத் தேடினான். பேராச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியை மறித்து நின்றாள்.

"மாப்ளே, இன்னைக்கு இங்க தங்குங்க."

"ஓடு வந்துரும் அத்தை. புள்ள கெடக்குத அறை."

"வரட்டும். அது இங்க இருந்து வந்த ஓடுதான்."

யாருக்கும் புரியவில்லை. அவளே சொன்னாள். "நான்தான் வித்தேன். ஒங்க மாமா விக்கல. அவிய அன்னைக்குக் கெணத்துல கெடந்தாவ. யோசனையும் அவியளுது கெடையாது, எல்லாம் என் வேலை. ஓநாய்க்குட்டின்னா யாரு எவருன்னு எனக்குத் தெரியாது மாப்ளே. அது எம்மவ படுக்குத அறைக்குத்தான் போய்ச் சேரும்னு எனக்குத் தெரியாது. எங்கையாலயே நான் அவ அறைய அடைச்சிட்டேன்." இத்தனை மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கிவிட்டு, ஏச்சு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஏச்சு வரவில்லை. கதிரேசன் வைகுண்டத்தைப் பார்த்தான்.

"அப்ப... இரும்புத்தலை நீங்களா மாமா?"

"அட ஓநாய்க்குட்டி! நீங்களா மாப்ளே?"

"என்னா ஏச்சு ஏசியிருக்கீய! எனக்குப் பொண்ணு குடுத்தவனக்கூட விடலியே."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைகுண்டம் நாற்காலியை இழுத்து மாப்பிள்ளை பக்கத்தில் போட்டான். விரோதி கையில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவனுக்கு வயது இருபது குறைந்துவிட்டது. அன்றைக்கு ஏன் விலையைக் குறைத்தீர்கள், அந்தத் தலைக்கவசச் செய்தியை யார் கிளப்பியது என்று ஒன்றுவிடாமல் கேட்டான்.

"ஒட்டி வச்சதக் கம்பெனிக்காரன் எடுக்கப் போறானாம் மாமா" என்றான் கதிரேசன் போனைத் திறந்து காட்டி. "ஆடுறவங்க எல்லாரும் சண்டை போடுதாங்க. வர்ற புதன் இல்லன்னா அதுக்கடுத்த புதன். ஒட்டு போச்சுன்னா ஓடு வச்சிருக்கவன் நம்ம மாதிரி நாலஞ்சு பேருதான்."

"அப்ப கணக்க மட்டும் அழிச்சிராதீய மாப்ளே. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

பேராச்சி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய ஒன்றை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அதைக் கேட்டு, யாருக்கும் ஒரு சொட்டுக் கோபம்கூட வரவில்லை. "யாராவது என்னய ரெண்டு ஏச்சு ஏசுங்களேன்!" என்று கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு அழுதது. கதிரேசன் போனைப் பையில் போடாமலே ஒரு கையால் பிள்ளையை எடுத்துத் தட்டிக்கொடுத்தான், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளையைச் சுபாவிடம் நீட்டினான். பேச்சு பாதியில் நின்றதால் வைகுண்டமும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனான். தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரின் சத்தமும் கேட்டது.

சுபா பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பேராச்சி பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒனக்காவது எம்மேல கோவம் இருக்காட்டி?"

"கெடையாதும்மா. நீ அறைய ஒழிச்சது எனக்காவ. அவிய அறைய ரொப்புனது யாருக்காவ?"

தொட்டில் கயிறு கிறீச்சிட்டது.

"நானும் ஒரு புதன்கிழமைய மனசுல வச்சிருக்கேம்மா" என்றாள் சுபா. "அதுக்குள்ள அவிய கணக்க அழிச்சிட்டு வந்தா நானும் புள்ளையும் பொறப்பட்டுப் போவோம். இல்லன்னா எம்புள்ள இந்த அறையிலதான் வளரும். அவிய அதுக்கப்புறம் இந்த வாசப்படி ஏற வேண்டாம்."

"எந்தப் புதன்ட்டி? அத அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு."

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள் சுபா. "கம்பெனிக்காரன் சொல்லிட்டா செய்யுதான்?"